யார் காசில் திறந்திருக்கிறது கதவு?

போன வாரம் ஒரே ஒரு கட்டுரைக்காக 14 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு உங்கள் கருத்தை எழுதித் தர முடியுமா என்பதுதான் விஷயம். 6 பேரிடமிருந்து பதிலே இல்லை. 5 பேருக்கு நேரமில்லை. ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வந்தது. இன்னொருவர், பெயரை மறைத்திருந்தாலும் நடையைப் பார்த்ததுமே தன்னிடம் படித்தவர் எழுதியது என்று தெரிந்துவிட்டதாகவும், தான் பார்ப்பது முறையாகாது என்றும் ஒதுங்கிக்கொண்டார். மிச்சமிருந்த ஒருவர் சரி என்றார். மூன்று வாரம் கேட்டிருக்கிறார். ஆறு வாரம் ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு கட்டுரையை இரண்டு பேராவது பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஆகவே 15-வது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சிறிய மொழியியல் ஆய்விதழுக்கு நான் நிர்வாக ஆசிரியர். பதவிப் பெயரைக் கேட்டால் பெரிதாகத்தான் இருக்கும். பகலில் வேறு வேலை, இரவு ஒன்பதுக்கு மேல் இது. வருடத்துக்கு இரண்டு இதழ், மொத்தம் 18, 20 கட்டுரைகள். படிப்பதற்குக் காசு வேண்டாம், எழுதி வெளியிடுவதற்கும் காசு வேண்டாம். கட்டுரையாளர், மதிப்பாய்வாளர், ஆசிரியர் குழு, நான், யாருக்கும் சல்லிக்காசு கிடையாது. திறந்த அணுக்கம் என்று எழுதுகிறோம். பேச்சில் எல்லோரும் ஓப்பன் ஆக்சஸ் என்றுதான் சொல்கிறோம். அதில் எங்களைப் போன்ற இதழ்களுக்கு டயமண்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைரமாம். பெயர் சூட்டியவர் எங்கள் கணக்கு நோட்டைப் பார்த்திருக்க மாட்டார்.

ஆய்விதழ் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று இந்த உலகத்துக்கு வெளியே இருக்கும் யாரிடமாவது விளக்கிப் பாருங்கள். பாதியில் நிறுத்தி, "நடுவில் எதையோ விட்டுவிட்டாய்" என்பார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் பெரும்பாலும் அரசிடமிருந்து வருகிறது. ஆராய்ந்து எழுதியவருக்கு இதழ் எதுவும் தருவதில்லை. சரிபார்த்துக் கொடுப்பவர்கள் சக ஆய்வாளர்கள், அவர்களுக்கும் எதுவும் இல்லை. எழுதியவர் பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். பதிப்பகம் அந்தக் கட்டுரையை, எழுதியவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கே சந்தா போட்டு விற்கும். நடுவில் எதையும் விடவில்லை. கதை இவ்வளவுதான்.

ஆரம்பத்தில் இதில் இப்படிப் பணம் கொழிக்கும் என்று யாரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. 1665-ல் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்' இதழைத் தன் சொந்தப் பொறுப்பில் தொடங்கினார். அதிலிருந்து ஏதோ கொஞ்சம் வருமானம் வரும் என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. பெரிதாக ஒன்றும் வரவில்லை. இதில் இருக்கும் காசைச் சரியாக மோப்பம் பிடித்தவர் ராபர்ட் மாக்ஸ்வெல். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசுகள் அறிவியலில் பணத்தைக் கொட்டியபோது அவருடைய பெர்கமான் பதிப்பகம் புதுப்புது இதழ்களைத் தொடங்கிக்கொண்டே போனது. சோப்பு விற்பவர்களுக்குள் போட்டி உண்டு, ஒன்றை வாங்கினால் மற்றது வேண்டாம். இதழ்களில் அந்தப் பேச்சே இல்லை. ஒரு கட்டுரைக்கு இன்னொரு கட்டுரை மாற்றாகாது என்பதால் நூலகம் இரண்டையும்தான் வாங்கியாக வேண்டும். மூன்றாவது வந்தால் அதையும். 1991-ல் அவர் பெர்கமானை எல்சவியருக்கு 44 கோடி பவுண்டுக்கு விற்றார். எல்சவியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸின் ஆண்டறிக்கைகளை எடுத்துப் பார்த்தால், அறிவியல் பதிப்புப் பிரிவில் வருவாய் 100 என்றால் லாபம் 37, 38 என்று இருக்கும்.

அதே 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஒரு கணினியில் சிறு ஏற்பாடு ஒன்றைச் செய்தார். இயற்பியலாளர்கள் இதழில் வெளிவருவதற்கு முன்பே தங்கள் கட்டுரைகளை ஒருவருக்கொருவர் நகலெடுத்துத் தபாலில் அனுப்பிக்கொள்வது வழக்கம். அதைத் தானியங்கி மின்னஞ்சல் மூலம் செய்வதுதான் யோசனை. பின்னாளில் ஆர்க்கைவ் என்று பெயர் பெற்றது அதுதான். இன்றைக்கும் இயற்பியலிலும் கணிதத்திலும் கணினி அறிவியலிலும் ஒருவர் காலையில் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான். இதழ் பிறகு மெதுவாக வரும்.

இந்த இரண்டையும் பார்த்தவர்களுக்கு இயல்பாக ஒரு நம்பிக்கை வந்தது. தாள் இல்லை, அச்சு இல்லை, தபால் இல்லை. அப்படியானால் விலையும் இறங்கிவிடும். 2001 டிசம்பரில் புடாபெஸ்டில் ஒரு சிறு குழு கூடிப் பேசி, 2002 பிப்ரவரி 14 அன்று ஓர் அறிக்கை வெளியிட்டது. ஓப்பன் ஆக்சஸ் என்ற சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருள் அதிலிருந்து வந்ததுதான். இரண்டு வழி சொன்னார்கள். ஆய்வாளர் தன் கட்டுரையின் பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் போட்டு வைப்பது ஒன்று; பச்சை வழி என்று இதற்குப் பெயர். வாசகரிடம் காசு கேட்காத புதிய இதழ்களைத் தொடங்குவது மற்றது. இது தங்க வழி.

விலை இறங்கவில்லை. தாளும் தபாலும்தான் விலைக்குக் காரணம் என்று நினைத்ததில்தான் பிழை. நூலகம் காசு கொடுத்தது இதழின் பெயருக்கு.

பெயர் என்றால் என்ன என்று புரிய, கிரிகோரி பெரல்மானைப் பார்க்கலாம். 2002 நவம்பரிலும் 2003-லுமாக மூன்று கட்டுரைகளை ஆர்க்கைவில் போட்டார். கணிதத்தில் நூறாண்டுக் காலம் தீராமல் கிடந்த பாயின்கரே அனுமானத்துக்கான நிறுவல் அவற்றில் இருந்தது. எந்த இதழுக்கும் அவர் அவற்றை அனுப்பவில்லை. கணிதவியலாளர்கள் தாங்களே வருடக்கணக்கில் வரிவரியாகச் சரிபார்த்தார்கள். 2006-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் தந்தார்கள், வேண்டாம் என்றார். 2010-ல் 10 லட்சம் டாலர் பரிசு, அதையும் வேண்டாம் என்றார். ஓர் உண்மை உண்மையாக நிற்க இதழ் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் பெரல்மான் யாரிடமும் வேலை கேட்டு நிற்கவில்லை. பதவி உயர்வுப் படிவத்தை நிரப்பும் கட்டாயம் அவருக்கு இல்லை. மற்ற எல்லோருக்கும் இருக்கிறது.

அந்தப் படிவம்தான் இந்த வியாபாரத்தின் அச்சாணி என்பது என் கட்சி. எங்கள் இதழுக்கு வந்த ஒரு கட்டுரையின் கதையைச் சொல்கிறேன். எழுதியவர் இளம் ஆய்வாளர், நல்ல கட்டுரை. நாங்கள் ஏழு மாதம் அதனோடு மல்லுக்கட்டினோம். மதிப்பாய்வாளர் ஒருவர் எட்டுப் பக்கம் எழுதினார். தரவில் இருந்த ஒரு குழப்பத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். கட்டுரையாளரும் சளைக்காமல் இரண்டு முறை திருத்தி எழுதினார். எல்லாம் முடிந்து அச்சுக்கோப்புத் தொடங்கும் நாளில் ஒரு மின்னஞ்சல். வருத்தத்தோடு கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், என் நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் இதழ் இல்லை, பட்டியலில் உள்ள இதழில் இரண்டு கட்டுரை இருந்தால்தான் வேலை நிரந்தரமாகும் என்று எழுதியிருந்தார். எட்டு மாதம் கழித்து அதே கட்டுரை, எங்கள் மதிப்பாய்வாளர் சொன்ன திருத்தங்களோடு, வேறோர் இதழில் கட்டணச் சுவருக்குப் பின்னால் வெளியானது. படிக்க வேண்டுமானால் நாங்களே காசு கட்ட வேண்டும். கோபம் வந்தது. ஆனால் அவர் மீது வரவில்லை. அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பட்டியல்களின் அடியில் பெரும்பாலும் இம்பாக்ட் ஃபேக்டர் என்ற எண் உட்கார்ந்திருக்கும். ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளை இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதே கணக்கு. எந்த இதழ் முக்கியம் என்று தேர்ந்தெடுக்க யூஜின் கார்ஃபீல்ட் யோசித்த கருவி அது. ஆளை எடை போட உண்டானது இல்லை. ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை வைத்து அதில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு வேலை கொடுப்பது போன்ற காரியம். இது தவறு என்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டோரா என்ற பிரகடனம் சொல்கிறது. எத்தனையோ நிறுவனங்கள் அதில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. கையெழுத்து ஓர் அலுவலகத்தில், படிவம் இன்னோர் அலுவலகத்தில்.

சரி, தங்க வழிக்கு வருவோம். வாசகரிடம் வாங்கவில்லை என்றால் இதழ் நடத்தக் காசு எங்கிருந்து வரும்? எழுதுபவரிடம் வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஏபிசி (APC) என்று சுருக்கமாகச் சொல்லும் கட்டுரைக் கட்டணம் அது. ப்ளோஸ் போன்ற லாப நோக்கற்ற அமைப்பு 2003-ல் 'ப்ளோஸ் பயாலஜி' இதழையும் 2006-ல் 'ப்ளோஸ் ஒன்' இதழையும் தொடங்கியபோது அது நல்ல எண்ணத்தோடு செய்த காரியம்தான். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர், அது வெளியாகும் செலவையும் கொடுத்துவிட்டால் உலகமே படிக்கலாம் அல்லவா?

பெரிய பதிப்பகங்கள் முதலில் இதைப் பார்த்து முகம் சுளித்தன. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தன. சந்தாவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, நூலகத்தின் பட்ஜெட்டைத் தாண்ட முடியாது. கட்டுரைக்குக் காசு என்றால்? எத்தனை கட்டுரையோ அத்தனை காசு. 'நேச்சர்' இதழ் 2021 முதல் திறந்த கட்டுரை ஒன்றுக்கு 9,500 யூரோ என்று அறிவித்தது. 2019 முதல் 2023 வரையிலான ஐந்தே ஆண்டில் ஆறு பதிப்பகங்களுக்கு மட்டும் கட்டுரைக் கட்டணமாகப் போன தொகை 800 கோடி டாலருக்கு மேல் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. படிக்கும் வாசலில் இருந்த காவலாளியை எழுதும் வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். பணமில்லாத ஆய்வாளர் முன்பு மற்றவர் எழுதியதைப் படிக்க முடியாமல் தவித்தார். இப்போது எல்லாவற்றையும் படிக்கலாம், தான் எழுதியதைத்தான் வெளியிட முடியாது. மிக ஏழை நாடுகளுக்குக் கட்டண விலக்கு உண்டு என்பார்கள். உண்மைதான். நடுத்தர வருவாய் என்று வகைப்படுத்தப்பட்ட நாட்டில், திட்ட நிதி எதுவுமில்லாத துறையில் இருப்பவருடைய கதி கேள்விக்குறிதான். மொழியியலில் எங்களுக்கெல்லாம் அதுதான் நிலைமை.

எத்தனை கட்டுரையோ அத்தனை காசு என்றால் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். வைலி நிறுவனம் 2021-ல் ஹிந்தாவி என்ற ஓப்பன் ஆக்சஸ் பதிப்பகத்தை 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. ஹிந்தாவியில் சிறப்பிதழ்கள் அதிகம். சிறப்பிதழுக்கு வெளியிலிருந்து ஒரு கௌரவ ஆசிரியர் வருவார். அவர் யார், என்ன என்று பார்க்க நேரம் இருக்காது. காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் ஆலைகள் அந்த வழியாக உள்ளே நுழைந்தன. 2023-ல் மட்டும் ஹிந்தாவி இதழ்கள் 8,000-க்கும் அதிகமான கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. அந்தப் பெயரையே கைவிடுவதாக வைலி அறிவித்தது.

இந்த ஆலைக் கட்டுரைகளைப் பிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஒரு மொழியியல்காரனுக்கு இது விருந்து. திருட்டை மென்பொருள் பிடித்துவிடக் கூடாது என்று, எடுத்த வாக்கியங்களில் சொல்லுக்குச் சொல் இணைச்சொல் போட்டு மாற்றிவிடுவார்கள். அப்படி மாற்றியதில் 'செயற்கை நுண்ணறிவு' என்று இருந்த இடத்தில் 'போலிப் பிரக்ஞை' என்ற பொருளில் ஒரு தொடர் வந்து நின்றது. 'மார்பகப் புற்றுநோய்', 'நெஞ்சு ஆபத்து' என்கிற மாதிரி ஆனது. சித்திரவதைத் தொடர்கள் என்று இவற்றுக்குப் பெயர் வைத்து, கியோம் கபனாக் என்ற பிரெஞ்சுக் கணினி அறிவியலாளரும் அவருடைய நண்பர்களும் 2021 முதல் வேட்டையாடி வருகிறார்கள். மதிப்பாய்வு நடந்ததாகச் சொல்லப்பட்ட கட்டுரைகளில் இவை அப்படியே வெளியாகியிருந்தன என்றால், அங்கே யாருமே எதையும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

இதன் பாதிப்பு எங்கள் மாதிரி இதழ்களின் தலையிலும் விழுகிறது. சென்ற ஆண்டு ஓர் ஆய்வாளர் எங்களுக்கு எழுதிய முதல் கேள்வியே கட்டணம் எவ்வளவு என்பது. ஒன்றும் இல்லை என்று பதில் போட்டேன். நான்கு நாள் கழித்து மறுபடியும் எழுதினார்: "மன்னிக்கவும், கட்டணமே இல்லை என்கிறீர்கள். நீங்கள் உண்மையான இதழ்தானா?" சிரிப்பு வந்தது, பிறகு யோசித்தேன். போலி இதழ்களும் காசு கேட்கின்றன, பெரிய இதழ்களும் காசு கேட்கின்றன. இரண்டும் கேட்பதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்காதவன் மீது சந்தேகம் வருவது நியாயம்தானே.

2018 செப்டம்பரில் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் ஐரோப்பிய அமைப்புகள் சில சேர்ந்து ப்ளான் எஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தன. எங்கள் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி வெளியான நாளிலேயே எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், தாமதம் கூடாது. 2021-ல் அமலுக்கு வந்தது. கறாரான விதி, எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் அதோடு சேர்த்து மாற்ற ஒப்பந்தங்கள் என்ற ஓர் ஏற்பாட்டையும் பொறுத்துக்கொண்டார்கள். நூலகம் படிப்பதற்குக் கட்டிவந்த சந்தாவையே, படிப்பதற்கும் வெளியிடுவதற்குமாகச் சேர்த்து அதே பதிப்பகத்துக்குக் கட்டும். கொஞ்ச காலத்தில் இதழ்கள் முழுக்கத் திறந்த இதழ்களாக மாறிவிடும் என்பது எதிர்பார்ப்பு. பெரும்பாலான இதழ்கள் அசையவில்லை. அந்த ஒப்பந்தங்களுக்கான ஆதரவை 2024-ஓடு நிறுத்திக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் நல்ல எண்ணத்தில் செய்த தவறு. பெரிய பதிப்பகங்களின் வருமானம் பத்திரமாக அதே கைக்குப் போனது. அந்தப் பணம் தீர்ந்தபோது நூலகத்தில் சிறிய இதழ்களுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

பச்சை வழி இதைவிட அடக்கமாக, நன்றாகவே வேலை செய்திருக்கிறது. ஆர்க்கைவ் மாதிரியே உயிரியலுக்கு 2013-ல் பயோஆர்க்கைவ், மருத்துவத்துக்கு 2019-ல் மெட்ஆர்க்கைவ் வந்தன. மெட்ஆர்க்கைவ் வந்த சில மாதத்தில் கொரோனா. 2020 ஜனவரியில் வைரஸின் மரபணு வரிசை பொதுவெளியில் வந்த வேகம் இல்லையென்றால் தடுப்பூசி அவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்காது. பெரிய பதிப்பகங்களும் கொரோனா தொடர்பான கட்டுரைகளைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டன. அவசரத்தில் கதவைத் திறந்தால்தான் உயிர் பிழைக்கும் என்று ஒப்புக்கொண்டவர்கள், புற்றுநோய்க்கு ஏன் மூடி வைத்திருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வார்களோ.

கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கும் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சைஹப் தளம் பற்றியும் ஒரு வரி. கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா எல்பாக்கியான் 2011-ல் தொடங்கியது. 8 கோடிக்கும் அதிகமான கட்டுரைகள் அதில் குவிந்தன. 2017-ல் நியூயார்க் நீதிமன்றம் எல்சவியருக்கு 1.5 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. சட்டப்படி அது தவறு. ஆனால் சந்தா வசதியுள்ள பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள்கூட லாகின் தொல்லை இல்லாமல் கட்டுரை கிடைக்கிறது என்று அதைப் பயன்படுத்தினார்கள் என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

என் துறையில் நடந்த ஒரு சம்பவம்தான் எனக்கு வழிகாட்டி. 'லிங்குவா' என்று எல்சவியர் வெளியிட்ட மொழியியல் இதழ். 2015-ல் ஆசிரியர்கள் ஆறு பேரும், ஆசிரியர் குழுவின் 31 பேரும் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தார்கள். நியாயமான கட்டணத்தில் முழுத் திறந்த இதழாக மாற்றுங்கள் என்று அவர்கள் கேட்டதற்குப் பதிப்பகம் உடன்படவில்லை. வெளியே வந்து 'க்ளாசா' என்று புதிய இதழ் தொடங்கினார்கள். கட்டுரையாளர்களும் மதிப்பாய்வாளர்களும் அவர்களோடு வந்தார்கள். உழைத்த எல்லோரும் வெளியேறிய பிறகும் 'லிங்குவா' என்ற பெயர் மட்டும் பதிப்பகத்தின் சொத்தாகவே நின்றுவிட்டது. அந்தப் பெயரில் இதழ் தொடர்ந்து வருகிறது. மொழியியலாளர்கள் சிலர் அதை ஜாம்பி லிங்குவா என்பார்கள். 2023-ல் மூளைப் படிமவியலில் 'நியூரோஇமேஜ்' இதழின் ஆசிரியர்கள் 40 பேருக்கு மேல் இதேபோல வெளியேறினார்கள். அங்கே அப்போது கட்டணம் 3,450 டாலர், குறைக்கச் சொல்லிக் கேட்டும் குறைக்கவில்லை. அவர்கள் எம்ஐடி பதிப்பகத்தோடு சேர்ந்து 'இமேஜிங் நியூரோசயின்ஸ்' தொடங்கினார்கள்.

ஆகவே ஓப்பன் ஆக்சஸின் எதிர்காலம் என்று யாராவது என்னிடம் கேட்டால், கதவு திறந்திருக்கிறதா என்பதைவிட வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார் என்பேன். பெயர் ஆய்வாளர்களின் சங்கத்திடமோ பல்கலைக்கழகத்திடமோ இருந்தால், அச்சுக்கோப்பையும் வலைத்தளத்தையும் யாரிடம் வேண்டுமானாலும் காசு கொடுத்துச் செய்துகொள்ளலாம், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். பெயர் பதிப்பகத்திடம் இருந்தால், திறந்த கதவைக்கூட அவர்கள் சொல்லும் வாடகைக்குத்தான் திறந்து வைக்க முடியும்.

இப்படிச் சொல்வதால் இதழ் நடத்தச் செலவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பதிப்பகங்கள் தங்கள் செலவைப் பற்றிப் பேசும்போது எல்லாம் பொய் என்று முன்பு நினைத்திருந்தேன். இந்த வேலைக்கு வந்த பிறகு நினைப்பு மாறியது. ஒரு வெள்ளிக்கிழமை இரவைச் சொல்கிறேன். 31 பக்கக் கட்டுரை, பின்னால் 94 மேற்கோள் நூல்கள். ஒவ்வொன்றுக்கும் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணைத் தேடி ஒட்ட வேண்டும். 12-க்கு எண் இல்லை. 3-ல் ஆண்டு தவறு. ஒரு நூலாசிரியரின் பெயர் கட்டுரைக்குள் ஒரு விதமாகவும் பட்டியலில் வேறு விதமாகவும் இருக்கிறது. எது சரி என்று பார்க்க மூல நூலைத் தேட வேண்டும். ஒலியியல் குறியீடுகளில் இரண்டு, பிடிஎஃப்பில் சதுரப் பெட்டிகளாகத் தெரிகின்றன. எழுத்துருவை மாற்றினால் பெட்டி போகிறது, அட்டவணை உடைகிறது. அட்டவணையைச் சரிசெய்தால் பக்க எண்கள் நகர்கின்றன. இதெல்லாம் முடிந்த பிறகு எக்ஸ்எம்எல் கோப்பு. அது இல்லாவிட்டால் தேடுபொறிகளுக்கும் தரவுத்தளங்களுக்கும் எங்கள் கட்டுரை கண்ணில் படாது. மணி இரண்டே கால். இதற்கு ஒரு விலை உண்டு. அது 9,500 யூரோ இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

எங்களைப் போன்றவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. உலகம் முழுவதும் 17,000 முதல் 29,000 வரை டயமண்ட் இதழ்கள் இருக்கலாம் என்று 2021-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மொத்த ஆய்வுக் கட்டுரைகளில் 8, 9 சதவீதம் இவற்றில் வருகிறது. பெரும்பாலானவை தன்னார்வலர்களை நம்பி ஓடுகின்றன. லத்தீன் அமெரிக்காவில் இது விதிவிலக்கு இல்லை, வழக்கமே இதுதான். பிரேசிலில் 1998 முதல் நடக்கும் சைஎலோ என்ற இணையத்தளம் பொதுப் பணத்தில் இதழ்களைத் திறந்து வைத்திருக்கிறது. பணக்கார வட நாடுகளில் இருப்பவர்கள் ஓப்பன் ஆக்சஸ் சாத்தியமா என்று மாநாடு போட்டுக்கொண்டிருந்தபோது அங்கே அது சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. 'ஆனுவல் ரிவ்யூஸ்' என்ற லாப நோக்கற்ற பதிப்பகம் இன்னொரு தந்திரம் செய்தது: நூலகங்கள் வழக்கம்போலச் சந்தா கட்டுங்கள், போதுமான பேர் கட்டினால் அந்த ஆண்டு இதழை உலகத்துக்கே திறந்துவிடுகிறோம், கட்டாவிட்டால் மூடிக்கொள்வோம். எழுதுபவரிடம் ஒரு காசும் கேட்பதில்லை. நன்கு கூட்டுறவு பழகிய கூட்டத்தில் இது பலிக்கிறது.

பணம் கொடுப்பவர்களின் மனமும் கொஞ்சம் மாறுகிறது. கேட்ஸ் அறக்கட்டளை 2025 முதல் கட்டுரைக் கட்டணம் கொடுப்பதை நிறுத்திவிட்டு, முன்பிரதியை, அதாவது இதழுக்குப் போகும் முன் உள்ள வடிவத்தை, பொதுவில் போடுங்கள், அது போதும் என்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான என்ஐஹெச் 2025 ஜூலை முதல், தன் பணத்தில் நடந்த ஆய்வு வெளியான அன்றே களஞ்சியத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டது. பெயரின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதை 'ஈலைஃப்' தெரிந்துகொண்டது. ஏற்பு, நிராகரிப்பு என்ற முடிவையே 2023-ல் நீக்கிவிட்டு, மதிப்பாய்வையும் கட்டுரையையும் சேர்த்து வெளியிடத் தொடங்கிய இதழ் அது. விளைவு, இம்பாக்ட் ஃபேக்டர் போய்விட்டது. அந்த எண் இல்லாமலும் ஆட்கள் அங்கே தொடர்ந்து அனுப்புகிறார்களா என்று ஆவலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக ஒரு தலைவலியும் வந்திருக்கிறது. சில மாதங்களுக்கு முன் எங்கள் வலைத்தளம் இரண்டு நாள் படுத்துவிட்டது. பதிவேட்டைத் திறந்து பார்த்தால், ஒரே இரவில் எங்கள் பழைய இதழ்கள் அத்தனையையும் ஆயிரக்கணக்கான முகவரிகளிலிருந்து திரும்பத் திரும்ப யாரோ இறக்கியிருக்கிறார்கள். மனிதர்கள் இல்லை, செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளுக்குப் பாடம் சேகரிக்கும் தானியங்கி நிரல்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் எல்லாம் இருக்கிறது, யாரும் எடுக்கலாம், இயந்திரமும் படிக்கலாம். கொள்கை அளவில் எனக்கு வருத்தமில்லை. சர்வர் கட்டணம்தான் அந்த மாதம் இரட்டிப்பானது. மூடிய கதவு வைத்திருக்கும் பெரிய பதிப்பகங்களுக்கோ இதே விஷயம் வருமானம். டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸின் தாய் நிறுவனமான இன்ஃபார்மா 2024-ல் மைக்ரோசாஃப்டுடன் செய்த ஒப்பந்தத்தில் தொடக்கத் தொகையே 1 கோடி டாலருக்கு மேல். எழுதியவர்களைக் கேட்கவில்லை. பதிப்புரிமையை அவர்கள் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள், கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்வது இந்த எதுவும் இல்லை. 2020-ல் வந்த ஓர் ஆய்வில், 2000-க்கும் 2019-க்கும் இடையில் 176 ஓப்பன் ஆக்சஸ் இதழ்கள் இணையத்திலிருந்து சுவடில்லாமல் மறைந்துவிட்டன என்று எழுதியிருந்தார்கள். யாரும் தடை செய்யவில்லை. ஒருவர் ஓய்வு பெற்றிருப்பார், ஒருவர் வேலை மாறியிருப்பார், சர்வருக்குப் பணம் கட்டியிருக்க மாட்டார்கள். அதைப் படித்த அன்றே எங்கள் முதன்மை ஆசிரியரிடம் கேட்டேன்.

"சார், நம் டொமைன் யார் பெயரில் இருக்கிறது?"

"என் பெயரில்தான். தொடங்கியபோது என் கார்டில்தான் போட்டேன். வருடா வருடம் அதுவே எடுத்துக்கொள்ளும்."

அவர் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. பாஸ்வேர்டு எங்கே என்று கேட்டேன். பழைய பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு வந்தது, அந்த மின்னஞ்சல் இப்போது இல்லை என்றார். பெயரைச் சங்கத்துக்கு மாற்ற வேண்டும், அதற்குச் சங்கத்தின் பொதுக்குழு கூட வேண்டும், அதுவரைக்கும் இதே கார்டு ஓட வேண்டும். டொமைன் மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும். கார்டை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஜனவரியில் காலாவதி.